நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும்: மாற்றுத்திறனாளிகள் உரிமையும் நாடுகளிடை ஒத்துழைப்பும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1981ஆம் ஆண்டினை ஊனமுற்றோர் பொருட்டுச் சிறப்பிப்பதென 1976இல் தீர்மானித்தபோது, அவ்வாண்டுக்கு இட்ட பெயர் ‘ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டு’ என்பதாகும். அவ்வாண்டு பிறப்பதற்கு முன்னரே அப்பெயர் திருத்தப்பட்டு, ‘ஊனமுற்றோரது சர்வதேச ஆண்டு’ என்றாயிற்று. ஆங்கிலத்திலே ஒரு சிறு இடைச்சொல் மாறியது, அவ்வளவே. எனினும் தமிழிலக்கணம் பயின்ற ஒருவருக்கு அம்மாற்றத்தின் பொருள் உடனே புலப்படும். நான்காம் வேற்றுமை இருந்த இடத்தில் ஆறாம் வேற்றுமை வந்து அமர்ந்தது.

நான்காம் வேற்றுமையின் பொருள்களை எண்ணுமிடத்து நன்னூலார் முதலில் நிறுத்துவது கொடையாகும். ஆறாம் வேற்றுமையின் பொருளோ கிழமை, அதாவது உடைமையுரிமை. முன்னையதிலே கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் இன்னொருவர். பின்னையதிலே கொடுப்பவர் என எவருமில்லர். பொருள் உரியவருடையதாக ஏலவே இருக்கின்றது. ஊனமுற்றோர், அங்கவீனர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் எனக் காலந்தோறும் பெயர்கள் மாறி வந்துள்ளன. பெயர்ச்சொல்லின் இம்மாற்றங்கள் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. பெயருக்குப் பின்னே நிற்கும் உருபு பற்றியோ அதிகம் பேசப்படவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமை வரலாற்றின் உள்ளீடு அவ்வுருபிலேயே தங்கியுள்ளது எனலாம்.

நாடுகளிடை ஒத்துழைப்பு என்றதும் பலர் மனதிலும் எழுவது செல்வ நாடொன்று வறிய நாடொன்றுக்குச் சக்கர நாற்காலிகளையோ நிதியையோ அனுப்பும் காட்சியாகும். இக்காட்சி பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. இத்துறையிலே நிலைத்த பயனைத் தந்த ஒத்துழைப்புகளை ஆராயின், அவை பொருள் வழங்கியவை என்பதிலும் பார்க்கத் தடை நீக்கியவை என்பதே தெளிவாகின்றது. இதனை நிறுவுதற்கு எழுத்தையும் நூலையும் சார்ந்த வரலாறொன்றே போதுமானது. விழிப்புலனற்றோரின் வாசிப்பு வரலாறே அது.

2

பாரிசு நகரிலே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலந்தின் ஆயுயி என்பார் விழிப்புலனற்ற சிறுவருக்கெனப் பாடசாலையொன்றை நிறுவினார். அங்கு நூல்கள் புடைப்பெழுத்தில் அச்சிடப்பட்டன. கண்ணால் வாசிப்பதற்கு அமைந்த உரோம எழுத்துகளையே தாளில் மேடாக்கி விரலால் தடவி அறியச் செய்யும் முறை அது. வாசிப்பதோ மிகச் சிரமம். அம்முறையில் மாணவர் தாமே எழுதுதல் ஏறக்குறைய இயலாத காரியம். அங்ஙனமிருந்தும் ஆசிரியர்கள் அதனை விரும்பினர். ஏனெனில் அது அவர்களுக்கு விளங்கியது.

அப்பாடசாலையின் மாணவரே லூயி பிரெய்ல். 1809இல் பிறந்து, மூன்று வயதிலே தந்தையின் தோல்வேலைப் பட்டறையில் நேர்ந்த விபத்தினால் பார்வை இழந்தவர். சார்ள்சு பார்பியே என்னும் படை அலுவலர் வகுத்திருந்த பன்னிரு புள்ளிக் குறிமுறையைச் சுருக்கி, ஒரு விரல் நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளாக்கி, 1829இல் தமது முறையை நூல்வடிவில் வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் 63 குறிகள் பெறப்பட்டன. மாணவர்கள் அதனை விரைந்து கற்றனர். நிருவாகமோ 1840களில் அதற்குச் சில காலம் தடை விதித்தது. பாடசாலை அதனை முறையாக ஏற்றுக்கொண்டது பிரெய்ல் மறைந்து ஈராண்டுகள் கழிந்த பின்னர், 1854இலேயாகும்.

இவ்வரலாறு வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. புடைப்பெழுத்து நான்காம் வேற்றுமையைச் சார்ந்தது. பார்வையுள்ளோர் விழிப்புலனற்றோருக்கு அளித்தது. ஆறு புள்ளி ஆறாம் வேற்றுமையைச் சார்ந்தது. விழிப்புலனற்றோர் தாமே ஆக்கிக்கொண்டது. முன்னையது நல்லெண்ணத்தோடு பிறந்து வழக்கொழிந்தது. பின்னையது எதிர்ப்பினூடே வளர்ந்து உலகமெங்கும் பரவியது.

பரவியபோது இன்னொரு சிக்கல் தோன்றியது. ஒவ்வொரு நாட்டாரும், சிலவிடங்களில் ஒவ்வொரு பாடசாலையாரும், புள்ளிகளுக்குத் தத்தமக்கு விருப்பமான ஒலிகளை ஏற்றினர். ஐக்கிய அமெரிக்காவிலே ஒன்றோடொன்று பொருந்தாத குறிமுறைகள் பல்லாண்டுகள் போட்டியிட்டன. ஆங்கிலம் என்னும் ஒரே மொழிக்குப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் பொதுமுறையொன்றில் உடன்பட்டது 1932இலேதான். இந்தியத் துணைக்கண்டத்திலோ மிஷனரிகளும் ஆசிரியர்களும் வகுத்த பல குறிமுறைகள் அருகருகே வழங்கின. ஒரு பாடசாலையில் எழுதப் பயின்றவர் மற்றொரு பாடசாலையின் நூலை வாசிக்கவியலாத நிலை உண்டாயிற்று.

1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவின் முன் வைத்தது. 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூத்திலும் கூட்டங்கள் நடைபெற்றன. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் நியூசிலாந்தினரான குளூத்தா மக்கென்சி. 1915இல் கலிப்போலிப் போர்க்களத்திலே பார்வை இழந்தவர். பின்னர் இந்தியாவிலே போரில் விழிப்புலனிழந்தோரின் மறுவாழ்வுக்கென உழைத்தவர். ஒரே ஒலிக்கு ஒரே குறி என்பதும், பிரெய்ல் வகுத்த மூலமுறையையே அடிப்படையாகக் கொள்வதென்பதும் பொதுநெறிகளாக ஏற்கப்பட்டன. இதன் பயனாக இந்திய மொழிகளுக்குப் பொதுவாக உருவானதே பாரதி பிரெய்ல். முடிவுகள் 1953இல் உலக பிரெய்ல் வழக்கு பற்றிய நூலாக யுனெஸ்கோவினால் வெளியிடப்பட்டன.

தமிழ் வாசகருக்கு இங்கு நேரடித் தொடர்புண்டு. தமிழ்க் ககரமும் இந்திக் ககரமும் சிங்களக் ககரமும் ஆங்கிலத்தின் ‘கே’ என்னும் எழுத்தும் விரல் நுனியிலே ஒரே வடிவின. அச்சிலே கொம்பும் காலுமாக ககரத்தின் இருமருங்கும் நிற்கும் ஒகர உயிர்க்குறி, பிரெய்லிலே ககரத்தின் பின் ஓர் எழுத்தாகவே நிற்கின்றது. ஒலிக்கும் ஒழுங்கே எழுத்தின் ஒழுங்குமாகின்றது. இரத்மலானையிலோ கைதடியிலோ விரலால் வாசிக்கும் ஒரு சிறுமி தமிழைப் பயின்றபின் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ செல்லும்போது, கண்ணால் வாசிப்போர் எதிர்கொள்ளும் லிபித் தடையின் பெரும்பகுதி அவளுக்கு இல்லை. இதனை எந்நாடும் எந்நாட்டுக்கும் தானமாக வழங்கவில்லை. நாடுகள் கூடியிருந்து தடையொன்றை அகற்றின. அதேவேளை யப்பான் தனது மொழிக்கேற்ற சொந்த முறையையே பேணிக்கொண்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒத்துழைப்பு என்பது ஒருமைப்படுத்தலைத் திணித்தலன்று.

இவ்விடத்தே ஒரு நியாயத்தைச் சொல்லாது விடலாகாது. இலங்கையில் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான கல்வி, 1912இல் மேரி சாப்மன் என்னும் மிஷனரியார் தொடங்கிய பாடசாலையுடன் வேரூன்றியது. அக்கொடை இல்லையெனின் பலர் எழுத்தையே கண்டிருக்கமாட்டார். கொடையை இகழ்தல் வரலாற்றுணர்வன்று. கொடையோடு நின்றுவிடுதலே குறையாகும்.

3

எழுத்து ஒன்றாயினும், எழுதப்படும் தீர்மானங்களில் எவர் குரல் ஒலித்தது என்ற வினா எஞ்சி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகளாவிய அமைப்புகளிலே பெரிதும் செல்வாக்குச் செலுத்தியவர்கள் மருத்துவரும் நலன்புரி நிறுவனத்தாருமாவர். விழிப்புலனற்றோர் நலனுக்கான உலகப் பேரவை என்னும் அமைப்பின் பெயரே அதன் நோக்கை உணர்த்தும். இதற்கு மாற்றாக, விழிப்புலனற்றோர் தாமே உறுப்பினராகவும் தலைவராகவும் அமைந்த சர்வதேசச் சம்மேளனமொன்று 1964இல் தோன்றியது. அமெரிக்கச் சட்ட அறிஞர் யாக்கோபஸ் டென்புரூக் அதன் முதல் தலைவர். பாகிஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் பாத்திமா ஷா பின்னர் அதற்குத் தலைமை தாங்கினார். இருவருமே விழிப்புலனற்றோர். இரு அமைப்புகளும் 1984இல் ரியாத் நகரில் இணைந்து உலக விழிப்புலனற்றோர் ஒன்றியம் ஆயின.

1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நிகழ்ந்ததும் இதனையொத்ததே. மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு அங்கு கூடியது. அவ்வமைப்பின் பேரவையிலே மாற்றுத்திறனாளிகளுக்குச் சரிபாதி இடம் வேண்டுமென்ற கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் தனியே கூடினர். அடுத்த ஆண்டே, 1981இல், சிங்கப்பூரிலே தமக்கெனச் சர்வதேச அமைப்பொன்றை நிறுவினர். ஊனமுற்றோரது ஆண்டு என்னும் பெயருக்கு அவ்வாண்டில் உண்மையான பொருளைத் தந்த நிகழ்ச்சி அதுவே எனின் மிகையாகாது. அரசுகள் முத்திரை வெளியிட்டு விழாவெடுத்தன. அவர்களோ அமைப்பொன்றை உருவாக்கினர்.

4

இவ்விரு நீரோட்டங்களும் வந்து சேர்ந்த இடம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயமாகும். 2001இல் மெக்சிக்கோ முன்மொழிந்து, 2006 டிசெம்பர் 13இல் பொதுச்சபையால் ஏற்கப்பட்டு, 2008 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கையொப்பத்துக்கெனத் திறக்கப்பட்ட முதல் நாளிலேயே, 2007 மார்ச் 30இல், இலங்கை உட்பட 82 தரப்புகள் ஒப்பமிட்டன. அதன் ஆக்கத்திலே மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் நேரடியாகப் பங்குகொண்டன. தம்மைப் பற்றிய முடிவுகளில் அவர்களோடு கலந்தாலோசித்தல் அரசின் கடமை என்பது நான்காம் உறுப்புரையிலே விதியாயிற்று.

சமவாயத்தின் 32ஆம் உறுப்புரை நாடுகளிடை ஒத்துழைப்பைப் பற்றியது. மனித உரிமைச் சமவாயமொன்றிலே இதற்கெனத் தனி உறுப்புரை அமைந்தமை புதுமை எனலாம். அவ்வுறுப்புரையை ஊன்றி வாசிப்போர் அதனுள் ஓர் இழுபறியைக் காண்பர். வளர்முக நாடுகள் அதனை வேண்டின. உதவி வழங்கும் நாடுகள் அது தம்மீது நிதிக் கடப்பாட்டைச் சுமத்திவிடுமோ என அஞ்சின. ஆகவே ‘பொருத்தமானவாறு’ என்னும் தளர்ந்த சொல் அதிலே நுழைந்தது. மறுபுறம், பிறநாட்டு உதவி கிட்டவில்லை என்பதைக் காட்டி எந்த அரசும் தன் கடமையிலிருந்து நழுவலாகாது என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. இரண்டாவது வாசகம் வளர்முக நாடுகளின் அரசுகளுக்குச் சுவையானதன்று; ஆயினும் அந்நாடுகளின் மாற்றுத்திறனாளிகளுக்கு அதுவே பெருந்துணை.

இவ்வுறுப்புரையின் பெறுமதி நிதியை வேண்டுவதில் இல்லை. எல்லா அபிவிருத்தித் திட்டங்களும் மாற்றுத்திறனாளிகளை உள்வாங்குவனவாகவும் அவர்கள் அணுகக்கூடியனவாகவும் இருத்தல் வேண்டும் என்று அது கூறுவதிலேயே உள்ளது. பிறநாட்டு நிதியினால் எழும்பும் பாடசாலைக் கட்டடமொன்றின் வாயிலில் ஐந்து படிகள் உள. சாய்தளம் இல்லை எனக் கொள்வோம். அக்கட்டடம் நன்கொடைதான். ஆயின் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அது நன்கொடையாக வந்த ஒரு மதில். 2000இல் வகுக்கப்பட்ட ஆயிரமாம் ஆண்டு அபிவிருத்தி இலக்குகளிலே மாற்றுத்திறனாளிகள் குறிப்பிடப்படவேயில்லை. 2015இல் வகுக்கப்பட்ட நிலையான அபிவிருத்தி இலக்குகளில் அவர்கள் வெளிப்படையாக இடம்பெற்றனர். இடையில் எழுந்த சமவாயமும் அதன் பின்னிருந்த இயக்கமும் இம்மாற்றத்துக்கு முக்கிய காரணங்களாம்.

5

பொதுநெறி எவ்வளவு உயர்ந்ததாயினும் குறித்த ஒரு தடையை அது அகற்றுகின்றதா என்பதே உரைகல். அவ்வகையில் மராக்கேஷ் உடன்படிக்கை தனித்து நோக்கற்பாலது.

பிரெய்ல் எழுத்து ஒன்றாகியும் நூல்கள் எல்லைகளைக் கடக்கவில்லை. காரணம் வறுமை மாத்திரமன்று, பதிப்புரிமைச் சட்டமுமாகும். ஒரு நாட்டிலே சட்ட விலக்கின்கீழ் பிரெய்லாகவோ ஒலிநூலாகவோ ஆக்கப்பட்ட பிரதியை மற்றொரு நாட்டுக்கு அனுப்புதல் பல சந்தர்ப்பங்களில் சட்டவிரோதமாயிருந்தது. ஸ்பெயினின் விழிப்புலனற்றோர் அமைப்பிடம் ஸ்பானிய மொழிநூல்கள் பெருந்தொகையாக இருந்தன. அதே மொழியை வாசிக்கும் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் விழிப்புலனற்றோருக்கு அவற்றைச் சட்டப்படி அனுப்பவியலவில்லை. ஆகவே ஒரே நூலைப் பல நாடுகளில் பல தொண்டர்கள் மீளமீளத் தட்டச்சுச் செய்யவும் வாசித்துப் பதியவும் வேண்டியிருந்தது. வெளியாகும் நூல்களில் பத்திலொரு பங்கு தானும் விழிப்புலனற்றோர் வாசிக்கத்தக்க வடிவில் இல்லையென உலக விழிப்புலனற்றோர் ஒன்றியம் சுட்டி, இதனை ‘நூற் பஞ்சம்’ என வருணித்தது.

அவ்வொன்றியம் வரைந்த உடன்படிக்கை நகலை 2009இல் பிரேசில், ஈக்குவடோர், பரகுவே ஆகிய மூன்று நாடுகள் உலகப் புலமைச் சொத்து அமைப்பில் முன்வைத்தன. வரைந்தவர்கள் விழிப்புலனற்றோர், ஏந்தி வந்தவை தென்னமெரிக்க நாடுகள். கொடுப்போர் வடக்கு, கொள்வோர் தெற்கு என்னும் வழமையான படம் இங்கு தலைகீழாயிற்று. பதிப்பகத்தாரின் ஐயங்களுக்கும் செல்வ நாடுகளின் தயக்கத்துக்குமிடையே நான்காண்டுகள் நடந்த வாதத்தின் பின், 2013 யூன் 27இல், மொரோக்கோவின் மராக்கேஷ் நகரிலே அது நிறைவேறியது. 2014இல் முதலாவதாக இந்தியா அதனை ஏற்றுறுதி செய்தது. இருபதாவது நாடாகக் கனடா இணைந்ததையடுத்து 2016 செப்டெம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கை செய்வது இரண்டு காரியங்கள். வாசிக்கத்தக்க பிரதிகளை உரிமையாளரின் முன் அனுமதியின்றி ஆக்குதற்கு உள்நாட்டுச் சட்டத்தில் இடமளிக்க வேண்டும் என்பது ஒன்று. அப்பிரதிகள் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் வாயிலாக எல்லை கடக்கலாம் என்பது மற்றொன்று. விழிப்புலனற்றோர் மாத்திரமன்றி, அச்செழுத்தை வாசிப்பதிற் குறைபாடுடையோரும், உடற்குறையினால் நூலைக் கையிற் பிடிக்கவியலாதோரும் இதன் பயனாளிகளாவர்.

குறைகளும் உள. வணிகச் சந்தையில் அத்தகைய வடிவில் நியாயமான முறையிற் கிடைக்கும் நூல்களுக்கு விலக்களிக்காது விட நாடுகளுக்கு இடம் தரப்பட்டுள்ளது. உரிமையாளருக்குக் கட்டணம் செலுத்துவதா என்பதும் ஒவ்வொரு நாட்டின் முடிவுக்கே விடப்பட்டுள்ளது. சிறிய நூலகமொன்று இத்தகைய நிபந்தனைகளை நிறைவேற்றுவதிலேயே களைத்துப்போதல் கூடும். அன்றியும் செவிப்புலனற்றோரின் தேவைகள் இவ்வுடன்படிக்கையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எனினும் புலமைச் சொத்துத் துறையிலே உரிமையாளரின் உரிமைகளை விரிப்பதற்கே பெரிதும் உடன்படிக்கைகள் எழுந்த சூழலில், பயன்படுத்துவோரின் உரிமையை மையமாகக் கொண்டு எழுந்தமை இதன் தனிச்சிறப்பாகும். இங்கே எந்த நாடும் எந்த நாட்டுக்கும் நூலை அன்பளிப்பாகத் தருமாறு கேட்கப்படவில்லை. வேலியில் ஒரு வாயில் திறக்கப்பட்டது; அவ்வளவே.

6

அவ்வாயிலின் பயனைத் தமிழைப் போல வேண்டிநிற்கும் மொழிகள் சிலவே. தமிழ் நூல் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் ரொறன்ரோவிலும் வெளியாகின்றது. வாசகரும் அவ்வாறே சிதறியுள்ளனர். இந்தியாவும் சிங்கப்பூரும் கனடாவும் உடன்படிக்கையில் உள. இலங்கை 2016இலே மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்து, அவ்வாண்டிலேயே மராக்கேஷ் உடன்படிக்கையிலும் இணைந்தது. நாடுகளுக்கிடையிலான சட்டத்தைப் பொறுத்தவரை பாதை திறந்துள்ளது. பாதையிலே செல்ல நூல்கள் உளவா என்பதே வினா.

இங்கு எழும் தடைகள் பலவும் தமிழருக்குள்ளேயே உள்ளவை. கணினித்திரையை வாசித்தொலிக்கும் மென்பொருள்கள் இன்று விழிப்புலனற்ற மாணவருக்கு உற்ற துணையாகும். அவற்றுள் பெருவழக்குடைய என்விடிஏ, அவுஸ்திரேலியாவின் விழிப்புலனற்ற நிரலாளர்களான மைக்கல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோரால் 2006 முதல் உருவாக்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுவது. தமிழிலும் அது இயங்குகின்றது. ஆறாம் வேற்றுமைக்கு இக்காலத்தே இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. எனினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்ட தமிழை அது வாசிக்கமாட்டாது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்கு ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். இலங்கைத் தமிழ்ப் பதிப்புலகிலே இத்தகைய எழுத்துருக்கள் நெடுங்காலம் கோலோச்சின. அவற்றிலே அமைந்த நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படும்வரை, விழிப்புலனற்ற வாசகருக்கு அவை எழுதப்படாதனவே.

பழைய நூல்களின் படிமங்களை இணையத்திற் சேமிக்கும் பணி போற்றற்குரியது. ஆனால் படிமம் எழுத்தன்று. படிமத்தை எழுத்தாக மாற்றும் கருவிகள் தமிழிலே காலுக்கும் ரகரத்துக்குமிடையே மயங்குகின்றன. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை வடிவங்களிலும் தடுமாறுகின்றன. மனிதக் கண்ணொன்று பிழைதிருத்தினாலன்றி அந்நூல்கள் ஒலியாகவோ புள்ளியாகவோ மாறா. இப்பணியை ஓர் ஊரார் தனித்துச் செய்தல் கடினம். பல நாட்டுத் தமிழ் மாணவர்கள் பகிர்ந்துகொள்ளின், ஒருவர் திருத்திய நூலை இன்னொருவர் மீளத் திருத்த வேண்டுவதில்லை. மராக்கேஷ் உடன்படிக்கை சட்டபூர்வமாக்கியது இத்தகைய பகிர்வையே.

பல்கலைக்கழகங்களுக்கு இங்கே தனிப் பொறுப்புண்டு. உடன்படிக்கை கூறும் ‘அங்கீகாரம் பெற்ற அமைப்பு’ என்பது பெரிய அரசு நிறுவனமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. இலாப நோக்கின்றிக் கல்வியையோ தகவல் அணுக்கத்தையோ வழங்கும் நிறுவனமும் அதற்குள் அடங்கும். உள்நாட்டுச் சட்டத்துக்கு இயையப் பல்கலைக்கழக நூலகமொன்று அப்பணியை மேற்கொள்ளலாம். விழிப்புலனற்ற மாணவரொருவர் விரிவுரைக்கு முன்னாளிரவு நண்பரொருவரை அழைத்துப் பாடநூலை வாசித்துக் காட்டுமாறு வேண்டும் நிலை பல விடுதிகளுக்கும் பழக்கமானதே. நண்பரின் அன்பு மெய்யானது. ஆயினும் நண்பருக்கு நேரமிருக்கும்போதே அம்மாணவருக்குப் பாடமுண்டு. நண்பர் தவிர்க்கும் பக்கம் அம்மாணவருக்கு இல்லாத பக்கம். கல்வியின் அளவை மற்றொருவரின் அன்பு நிருணயிப்பதை உரிமை எனக் கொள்ளவியலாது.

7

இவ்வாறு நோக்குமிடத்து, எழுத்தை ஒன்றாக்கிய 1951உம் எல்லையைத் திறந்த 2013உம் ஒரே உண்மையையே புகட்டுகின்றன. விழிப்புலனற்றோர் தாமே வகுப்போராக நின்றபோது நாடுகளிடை ஒத்துழைப்பு நிலைத்த பயனைத் தந்தது. அவர்களைக் கொள்வோராக மாத்திரம் நிறுத்தியபோது அது விழாவாகவும் கட்டடமாகவும் நின்றுவிட்டது.

எனினும் நான்காம் வேற்றுமை முற்றாகத் தள்ளத்தக்கதென்பது இதன் முடிபன்று. இலக்கண நூலார் அதற்குக் கொடை ஒன்றையே பொருளாகக் கூறவில்லை. நட்பும் தகுதியும் முறையும் அதன் பொருள்களே. நாடொன்று நாடொன்றுக்கு நட்பாதல் வேண்டும். நூல் வாசகருக்குத் தகுதியான வடிவில் அமைதல் வேண்டும். மாற்றுத்திறனாளியோடு அரசுக்குள்ள உறவு முறைமையின்பாற்பட்டதாதல் வேண்டும். கொடையிலிருந்து இவற்றை நோக்கி நகர்தலே ஒத்துழைப்பின் வளர்ச்சியாகும். சமவாயங்கள் அதற்கு வழி வகுத்துள்ளன. பாடநூற் பட்டியலொன்றிலே இடம்பெறும் ஒவ்வொரு நூலும் ஆண்டின் முதல் நாளிலேயே எல்லா மாணவரும் வாசிக்கத்தக்க வடிவில் நூலகத்தில் இருக்குமாயின், அன்றே அப்பட்டியல் மாணவருக்கான பட்டியல் என்ற நிலையிலிருந்து மாணவரது பட்டியல் என்ற நிலையை எய்தும்.